தாத்தாவின் கோழிக் கத்தி

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பாரிட் புந்தார் வீட்டின் பின்கட்டைச் சுத்தம் செய்தோம். பரண்மேல் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய ஐந்து சாமான்கள். இரண்டு முனையும் கொக்கிபோல வளைந்த வில் ஒன்று. விரல் நீளத்தில் ஒரு சிறிய கத்தி. ஊசிமுனையை வளைத்துச் செய்த கொக்கி. நடுவில் ஓட்டை போட்ட தட்டையான கரண்டி. ஒரு பித்தளைக் குழாய், அதற்குள் மடித்து நுழைத்த மெல்லிய கம்பி.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். பாட்டிதான், "அது ஒங்க தாத்தாவோட கோழிக் கத்தி. எடுத்த எடத்துலயே வெச்சிடு" என்றார்.

நான் வைக்கவில்லை. பினாங்கில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தினமும் காலையில் மேசைமேல் பார்க்கும் பொருள் ஒன்று அந்த டின்னுக்குள் கிடந்தால் எப்படித் திரும்ப வைப்பது? அந்த வில், மருத்துவர்கள் வெட்டுவாயை விரித்துப் பிடிக்கப் பயன்படுத்தும் விரிப்பான். யாரும் கையால் பிடிக்க வேண்டியதில்லை. அழுத்தி உள்ளே நுழைத்து விட்டால் தானே விரிந்து நிற்கும். நாங்கள் செய்வது பளபளக்கும் எஃகு. தாத்தாவுடையது குடைக்கம்பி. "என் குடைதான் அது. காத்துல ஒடிஞ்சதுன்னு சொன்னாரு. நானும் நம்பிட்டேன்" என்றார் பாட்டி.

சேவலுக்கு விதை எடுக்கும் கருவிகள் அவை.

*

தமிழில் காளைக்கும் கிடாய்க்கும் காயடிப்பது பழைய வழக்கம். சேவலுக்குச் செய்வதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை. நமக்குச் சேவல் என்றால் கட்டுக்கு, கூவலுக்கு, முனியாண்டிக்கு. மலாயில் இதற்கென்று ஒரு பெயர் உண்டு, ஆயாம் கெம்பிரி. ஹொக்கியன் பேசும் சீனர்கள் இயம் கே என்பார்கள். சீனப் புத்தாண்டு நெருங்கும்போது இன்றும் இங்கே சந்தைகளில் அந்தக் கோழிக்குத் தனி விலை.

ஏன் இந்தப் பாடு என்று முதலில் புரிய வேண்டும். சேவல் பருவத்துக்கு வந்தால் தின்பதையெல்லாம் சண்டையிலும் துரத்தலிலும் செலவழிக்கும். தசை முறுகும். விதை எடுத்துவிட்டால் கொண்டை சிறுத்து வெளுக்கும், கூவல் நிற்கும், தசையின் இழைகளுக்கு நடுவே கொழுப்பு சேரும். மாதக்கணக்கில் வளர்த்தாலும் இறைச்சி மெத்தென்றே இருக்கும். ஒரே கூட்டில் இருபது விட்டாலும் ஒன்றையொன்று கொத்திக் கொள்ளாது.

பயன் இவ்வளவு எளிது, ஆனால் வேலை எளிதல்ல. மாட்டுக்கும் ஆட்டுக்கும் விதை வெளியே தொங்குகிறது. பறவைக்கு உள்ளே, முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்தின் முன்முனையில் இருக்கிறது. ஆறேழு வார வயதுச் சேவலில் அது ஒரு கோதுமை மணியளவோ சற்றுப் பெரிதாகவோ மஞ்சளாகத் தெரியும். அங்கே போக ஒரே சுருக்கமான வழி, கடைசி இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே. இரண்டு விதைகளுக்கும் இடையில் உடலின் பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. கொக்கி ஒரு மயிரிழை பிசகினால் பறவை கையிலேயே செத்துவிடும். விதையில் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் அது மறுபடி வளர்ந்து, சேவலும் இல்லாமல் காயடித்ததும் இல்லாமல் ஒன்று கூட்டில் நின்று அரைக்கூவல் கூவும்.

ஆக, ஒரு அங்குல வெட்டுக்குள், இருட்டில், இரத்தக் குழாயைத் தொடாமல் ஒரு மணியை முழுசாக எடுக்க வேண்டும். பொறியியல் மாணவனுக்குக் கொடுக்கக்கூடிய நல்ல கணக்கு இது. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் யார் என்று தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

*

எழுதி வைத்தவர்களில் அரிஸ்டாட்டில் பழையவர். 'விலங்குகளின் வரலாறு' நூலில், சேவலின் பின்பகுதியைச் சூட்டுக்கோலால் இரண்டு மூன்று முறை சுட்டால் அது கூவுவதை நிறுத்திவிடும், கொண்டை வெளுத்துவிடும், பெட்டையை மிதிக்காது என்கிறார். ரோமானியரான வர்ரோவும் கொலுமெல்லாவும் வேறு இடம் சொல்கிறார்கள். காலில் உள்ள முள்ளைச் சூட்டுக்கோலால் தீய்த்து, புண் ஆறும்வரை குயவர் களிமண் பூச வேண்டுமாம்.

விளைவை அரிஸ்டாட்டில் சரியாகவே சொல்கிறார். கொண்டை, கூவல், மிதிப்பு, மூன்றும் சரி. செய்முறைதான் இடிக்கிறது. வெளியே தோலைச் சுட்டால் முதுகெலும்பை ஒட்டிய விதைக்கு ஒன்றும் ஆகாது. காலைச் சுட்டால் கேட்கவே வேண்டாம். முள் சேவலின் வீரத்துக்கு அடையாளம் என்பதால் அதைத் தீய்த்தால் வீரம் போகும் என்று யாரோ நினைத்திருக்கலாம். அல்லது பண்ணையில் வேலை செய்த அடிமை, துருவிக் கேட்ட எசமானனுக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் காயடித்த சேவல் ரோமானியர் சாப்பாட்டு மேசையில் இருந்தது உண்மை. அப்படியென்றால் எவரோ ஒருவருக்குச் சரியான வழி தெரிந்திருக்கிறது. அவர் எழுதவில்லை.

ரோமைப் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. கி.மு. 161-இல் வந்த ஃபன்னியஸ் சட்டம் ஆடம்பர விருந்துகளைக் கட்டுப்படுத்தி, கொழுக்க வைக்காத ஒரே ஒரு பெட்டைக்கோழியை மட்டுமே பரிமாறலாம் என்றது. சட்டம் பெட்டையைத்தானே சொல்கிறது என்று சேவலைக் காயடித்துக் கொழுக்க வைத்தார்கள், அப்படித்தான் இந்தத் தொழிலே பிறந்தது என்பார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் பிளினி எழுதியிருப்பது, சட்டத்தை ஏமாற்றச் சேவல்களுக்குப் பாலில் ஊறிய தீனி கொடுத்தார்கள் என்பதுதான். தவிர, அரிஸ்டாட்டில் அந்தச் சட்டத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர். ஒரு சட்டம் கோழியைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது, எழுதத் தெரிந்தவர்கள் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லிக் கொள்ளும் வரலாறு.

*

தாத்தாவுக்கு இது எங்கிருந்து வந்தது? பாட்டியிடம் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து கேட்டேன். முதல் சனிக்கிழமை பேச்சை மாற்றினார். இரண்டாவது வாரம் கொஞ்சம். மூன்றாவது வாரம் அவரே ஆரம்பித்தார்.

அவசரகாலம் 1948-இல் தொடங்கியது. கம்யூனிஸ்டுகளுக்குக் காட்டோரத்து மக்களிடமிருந்து சோறும் செய்தியும் போகாமல் தடுக்க, 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டப்படி சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்கம்பி வேலிக்குள் புதுக்கிராமங்களில் குடியேற்றினார்கள். தோட்டத்து லயங்களையும் ஒன்றாகக் கூட்டி வேலி போட்டார்கள். தாத்தாவின் தோட்டத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் அப்படியொரு புதுக்கிராமம். நிலம் இழந்து வந்தவர்களுக்கு வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு இடத்தில் பன்றியும் கோழியும்தான் வருமானம்.

அங்கே ஒரு கிழவர். தாத்தா அவரை மரியாதையாகவே 'அப்பேக்' என்றுதான் சொல்வாராம். சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சேவலுக்கு விதை எடுப்பார். தென்சீனக் கிராமங்களில் இப்படி ஊர் ஊராகப் போகிறவர்கள் உண்டு. கப்பலேறி வந்தபோது அந்தக் கைவேலையும் கூடவே வந்தது. மூங்கில் வில், ஓட்டைக் கரண்டி, குழாய்க்குள் நூல். குழாயின் முனையில் நூல் ஒரு சுருக்காக நிற்கும். சுருக்கை விதையின் காம்பில் மாட்டி, மறுமுனையை இப்படியும் அப்படியும் இழுத்தால் நூல் ரம்பம்போல அறுக்கும். கத்தி சட்டென்று வெட்டினால் இரத்தம் பீய்ச்சும். நூல் நசுக்கி நசுக்கி அறுப்பதால் காம்பு தானே மூடிக்கொள்ளும். காரணம் எனக்கு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியும். அப்பேக் அதைக் கையால் தெரிந்து வைத்திருந்தார்.

அவருக்குக் கண் மங்கியது. தாத்தா அப்போது இருபதுகளில், விடியலில் பால் வெட்டிவிட்டு மத்தியானம் சும்மா இருப்பவர். பால் வெட்டுகிறவர் கை எப்படி என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் காயம்பட்டுவிடும், மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. ஒரு மில்லிமீட்டர் கணக்கு. "ஒன் கை நல்லாருக்குன்னு அந்தச் சீனக் கெழவர் கூப்பிட்டுக்கிட்டாரு. செத்த கோழியில நாலு மாசம் பழக்குனாராம்" என்றார் பாட்டி. தாத்தாவின் கத்தியைத் திருப்பிப் பார்த்தேன். உடைந்த பால்கத்தியின் முனையைத் தேய்த்துச் செய்தது.

*

அதே கருவிகளை அமெரிக்காவில் தபாலில் விற்றுக் கொண்டிருந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் அறுவைக் கருவிகள் செய்த பில்லிங் நிறுவனம், மருத்துவமனைக்குக் கத்தி செய்த அதே பட்டறைப் பெயரில் கோழிக்கு ஒரு பெட்டி போட்டது. வில், கத்தி, கொக்கி, குழாயும் கம்பியும், கூடவே செய்முறைத் தாள். கான்சஸ் மாநிலத்துச் சிற்றூரான சீடார் வேலிலிருந்து ஜார்ஜ் பியூவாய் என்பவர் தன் பெயரிலேயே கருவி விற்றார். 1917-இல் அமெரிக்க வேளாண் துறை விவசாயிகளுக்கு இதைப் படத்தோடு ஒரு சிறு பிரசுரமாகவே போட்டது. பண்ணை வீட்டுப் பையன் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, பறவையின் இறக்கையிலும் காலிலும் கயிறு கட்டிச் செங்கல்லைத் தொங்கவிட்டு, வெயிலில் வைத்துச் செய்யலாம். குடல் வெறுமையாகி ஒதுங்கிக் கொடுக்க வேண்டும் என்பதற்காக முந்தைய நாள் முழுக்கத் தீனி கிடையாது.

பில்லிங் என்ற பெயர் இன்றும் அறுவைக் கருவிகளில் இருக்கிறது. ஒரு பக்கம் அச்சிட்ட தாள், விலைப்பட்டியல். இன்னொரு பக்கம் குடைக்கம்பி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வடிவம் ஒன்றுதான். எதிரே நிற்கும் சிக்கல் ஒன்றாக இருந்தால் கருவியும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்.

கருவி செய்த இன்னொரு வேலையும் உண்டு. அதைப் படித்தபோதுதான் இந்த விஷயம் வெறும் கோழிக்கறி இல்லை என்று உறைத்தது. 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அர்னோல்ட் பெர்தோல்ட் ஆறு இளஞ்சேவல்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார். இரண்டுக்கு விதையை முழுதாக எடுத்தார். அவை வழக்கம்போலக் கொண்டை சிறுத்து நின்றன. மற்றவற்றில், விதையை அதன் இடத்திலிருந்து அறுத்து வயிற்றுக்குள்ளேயே விட்டார். சிலவற்றில் ஒன்றின் விதையை எடுத்து இன்னொன்றின் குடலுக்கு நடுவே வைத்தார். அந்தச் சேவல்கள் கூவின, சண்டை போட்டன, கொண்டை சிவந்தது. பிறகு அறுத்துப் பார்த்தால் விதை புதிய இடத்தில் ஒட்டி, புதிய இரத்தக் குழாய்களோடு இருந்தது. பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. ஆகவே சேவலைச் சேவலாக்கும் ஏதோ ஒன்று இரத்தத்தின் வழியாகப் போகிறது. ஹார்மோன் என்ற சொல் 1905-இல்தான் வந்தது. அந்தத் துறையின் முதல் சோதனை என்று இன்று இதைத்தான் சொல்கிறார்கள்.

எண்பது ஆண்டு கழித்து சிகாகோவில் ஃபிரெட் கோக்கும் அவருடைய மாணவர் மெக்கீயும் சுமார் 40 பவுண்டு காளை விதையிலிருந்து 20 மில்லிகிராம் சாறு எடுத்தார்கள். சாறு வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? காயடித்த சேவலுக்கு ஊசி போட்டார்கள். வெளுத்த கொண்டை வளர்ந்து சிவந்தது. அந்த ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்கள் ஆண்மை ஹார்மோனின் வீரியத்தை அளந்தது காயடித்த சேவலின் கொண்டையை வைத்துத்தான். டெஸ்டோஸ்டிரோன் 1935-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டு அதைச் செயற்கையாகவும் செய்தார்கள். 1939-இல் புட்டெனாண்டுக்கும் ருஷிச்காவுக்கும் நோபல் பரிசு. கோழிக்கும் கோழிக்கு விதை எடுத்த கைக்கும் பரிசு எதுவும் அறிவிக்கப்படவில்லை.

*

இனி தாத்தாவுக்கு என்ன கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

ஒரு கோழிக்கு ஐம்பது காசு. செத்துப் போனால் காசு கிடையாது. புத்தாண்டுக்கு ஆறேழு மாதம் முன்னால் வேலை சூடு பிடிக்கும். அந்தக் காசு ரொட்டி டப்பாவில் தனியாகச் சேரும். அப்பாவின் பஸ் காசு, புத்தகம், ஐந்தாம் படிவப் பரீட்சைக் கட்டணம் எல்லாம் அந்த டப்பாவிலிருந்து. அப்பா படித்ததால் குமாஸ்தா ஆனார். அவர் குமாஸ்தா ஆனதால் நான் நிபோங் திபாலில் பொறியியல் படித்தேன். கணக்கை நேராகப் போட்டால் இப்படித்தான் வருகிறது.

தோட்டத்தில் தாத்தாவுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. பாட்டி அதைக் கடைசிவரை சொல்லவில்லை. நீங்கள் ஊகிக்கலாம். அதைவிட இன்னொன்று. தோட்டத்து முனியாண்டி கோயிலில் ஆண்டுத் திருவிழாவுக்குச் சேவல் அறுப்பது தாத்தாவின் பொறுப்பு. சாமிக்குக் கொடுக்கும் சேவல் ஊனமில்லாததாக, கொண்டை நிமிர்ந்து கூவுவதாக இருக்க வேண்டும். ஒரு வருஷம் கமிட்டியில் யாரோ கேட்டார்கள்: அந்த வேலை பார்க்கிற கை எப்படிச் சாமிக்கு அறுக்கலாம்? கத்தியை வேறொருவரிடம் கொடுத்தார்கள்.

"அவரு ஒண்ணும் பேசல. அடுத்த வருஷத்துலேர்ந்து ஓரமா நின்னு கும்பிட்டதோட சரி" என்றார் பாட்டி.

சாலைக்கு அந்தப் பக்கம் இதே கோழியை முழுதாக அவித்து மூதாதையர் முன் வைத்துக் கும்பிட்டார்கள். தென்சீன வழக்கத்தில் படையலுக்குச் சிறந்தது காயடித்த சேவல்தான். ஒரு சாமிக்கு ஆகாத கோழி இருபதடி தள்ளி இன்னொருவரின் முன்னோருக்கு முதல் மரியாதை. தாத்தா அந்த இருபதடியை இருபது வருஷம் தினமும் கடந்திருக்கிறார். இரண்டு பக்கமும் அவரிடம் விளக்கம் கேட்டதில்லை. ஒரு பக்கம் காசு கொடுத்தது, ஒரு பக்கம் கத்தியை வாங்கிக் கொண்டது.

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் தாத்தாவுக்கு வக்காலத்து வாங்குவதுபோல இருக்கும். முழுக்க அப்படியில்லை. மயக்க மருந்து கிடையாது. விலாவுக்கு நடுவே வெட்டி, எலும்பை விரித்து, உள்ளே அறுக்கிறோம். பாட்டியிடம் கேட்டேன், கோழி கத்துமா?

"கத்தாது. அதான் எனக்குப் பயமே. சும்மா கண்ணத் தொறந்து பாத்துக்கிட்டே கெடக்கும்."

அழுத்திப் பிடித்த பறவை அச்சத்தில் உறைந்து அசையாமல் கிடக்கும். அமைதியாக இருப்பதால் வலியில்லை என்று ஆகாது. அவிழ்த்துவிட்டதும் தீனி பொறுக்குகிறதே என்று கையேடு எழுதியவர்கள் சமாதானம் சொன்னார்கள். ஒரு நாள் பட்டினி போட்ட பறவை பொறுக்காமல் என்ன செய்யும்? பிரிட்டன் 1982-இல் கோழிக்கு அறுவை செய்து விதை எடுப்பதைத் தடை செய்தது சரியென்றே நினைக்கிறேன். பிரான்சில் கிறிஸ்துமசுக்கு பிரெஸ் பகுதிச் சேவலைத் துணியில் சுற்றித் தைத்து இன்னும் விற்கிறார்கள்.

கத்தி வேண்டாம் என்று வந்த மாற்றும் நன்றாக முடியவில்லை. 1940-களில் டையெதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண்மை ஹார்மோனைக் குளிகையாகச் சேவலின் கழுத்துத் தோலுக்கடியில் வைத்தார்கள். ஒரு நொடி வேலை, இரத்தமில்லை. குளிகையின் மிச்சம் இறைச்சியில் தங்கியது. 1959-இல் அமெரிக்கா கோழிக்கு அதை நிறுத்தியது. கர்ப்பிணிகளுக்கு மருந்தாகக் கொடுத்த அதே பொருள் அவர்களின் பெண் பிள்ளைகளுக்கு அரிய புற்றுநோயைக் கொண்டு வந்தது 1971-இல் தெரிந்தது.

கடைசியில் தொழிலை முடித்து வைத்தது பிராய்லர். இன்றைய பண்ணைக் கோழி ஐந்தாறு வாரத்தில் எடை போட்டுக் கடைக்கு வந்துவிடுகிறது. தாத்தா கத்தி வைக்கும் வயதில் அது குழம்பில் கொதிக்கிறது. பருவத்துக்கே வராத சேவலுக்கு விதை எடுக்க வேண்டியதில்லை. ஒரு கருவி எப்போதும் இன்னொரு நல்ல கருவியால் தோற்பதில்லை; சில சமயம் அது தீர்த்து வைத்த சிக்கலே காணாமல் போய்விடுகிறது. அந்த ஐந்து வாரக் கோழியின் வாழ்க்கை தாத்தாவின் கோழியின் வாழ்க்கையைவிட நல்லதா என்று கேட்டால், என் தட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

*

டின்னில் இருந்தவற்றைத் துருநீக்கி அளந்தேன். வில்லின் அகலம், கம்பியின் தடிப்பு, கரண்டி ஓட்டையின் விட்டம் எல்லாவற்றையும் வேலையில் செய்வதுபோல வரைபடமாக்கினேன். யாரும் திரும்பச் செய்ய வேண்டும் என்பதற்காக இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தவர்கள் எழுதவில்லை, எழுதியவர்கள் செய்யவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படியே போய்விடக் கூடாது என்றுதான்.

வரைபடத்தை அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். குழாய்க்குள் இருக்கும் கம்பியைக் காட்டி, "இது கம்பியில்ல, மொதல்ல குதிரை முடி. கெடைக்காதப்ப கம்பிக்கு மாத்துனாரு" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. கூடவே போயிருக்கிறார், கோழியைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

"எழுதப் போறியா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"எழுது. தோட்டத்துப் பேர மட்டும் போடாத."

போடவில்லை.